வேப்பிலைச் சாற்றில் தங்கத் துகள்

வேப்பிலையை அம்மை போட்ட வீட்டு வாசலில் செருகுவோம். தங்கத்தை அடகுக் கடையில் வைப்போம். ரெண்டும் ஒரே பீக்கரில் சேர்ந்தால் என்ன ஆகும்?

போன வருஷம் என் அப்பாவுக்கு சி.டி. ஸ்கேன். 'டை' ஊசி போடறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்டாங்க. அளவு கூடுதல், டை போடாமலே படம் எடுத்தார்கள். அந்த டை என்பது அயோடின் மருந்து. எக்ஸ் கதிரைத் தடுத்து ரத்தக் குழாயை வெள்ளையாகக் காட்டும். ஆனால் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். "இதுக்கு மாத்து இல்லையா?" என்று தேட ஆரம்பித்தேன்.

ஆராய்ச்சியில் உள்ள ஒரு மாற்று, தங்க நானோ துகள். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர். அயோடினின் அணு எண் 53, தங்கத்துக்கு 79. அணு எண் பெரிதானால் பொதுவாக எக்ஸ் கதிரைத் தடுக்கும் சக்தியும் கூடும். 2006-ல் அமெரிக்காவில் 1.9 நானோமீட்டர் துகளை எலிகளுக்குச் செலுத்தி ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள்.

துகள் செய்வது எப்படி? தங்க உப்புக் கரைசலில் தங்கம் அயனியாக இருக்கும். எலெக்ட்ரான் கொடுத்தால் உலோகமாகும். இதற்கு சோடியம் போரோஹைட்ரைடு போன்ற ரசாயனம் போடுவது வழக்கம். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் வேப்பிலையைக் கொதிக்க வைத்த சாற்றை ஊற்றினார்கள். 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். இலையின் சத்துக்களே எலெக்ட்ரான் தரும். துகள்மேல் ஒட்டிக்கொண்டு கட்டிபடாமலும் காக்கும். சுமார் 20 நானோமீட்டர் உருண்டைத் துகள் பச்சை ஒளியை விழுங்குவதால், கரைசல் பொன்னிறமாக இராது, செக்கச் செவேலென்று இருக்கும்!

'இலைதானே, ஒண்ணும் பண்ணாது' என்று நானும் நினைத்தேன். தப்பு. மரத்துக்கு மரம், மாசத்துக்கு மாசம் சாறு மாறும். துகளின் அளவும் மாறும். 5, 6 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரில் போகும். பெரிசானால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். அப்படியானால் என் அப்பாவுக்கு? சின்னத் துகளும் அதே சிறுநீரகத்தைத்தான் நம்ப வேண்டும். என் கேள்விக்கு விடை பாதிதான் கிடைத்தது.

மீதிப் பாதி நம்ம கையில். சூடு, பி.எச்., நேரம் மூன்றையும் பிடித்து, இன்று வந்த அளவையே நாளைக்கும் வரவைக்க வேண்டும். அது டிப்ளமோக்காரன் வேலைதானே!