சீட்டுக்கு அடியில் வூஃபர், காதுக்குள் இரைச்சல்

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் கிளினிக்கில் "காது இரையுது" என்று வருகிறவர்கள் கூடுவார்கள். பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகிற வழியில் பந்தல் ஸ்பீக்கர் முன்னால் விடிய விடிய நின்ற பிள்ளைகள், உறுமி மேளம் அடித்த தம்பிகள். அது வருடத்துக்கு ஒரு முறை வருகிற கூட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். சமீப காலமாக அதே இரைச்சலோடு எல்லா மாதமும் ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஆண்கள். பேச்சுக் கொடுத்தால் பிக்அப்பில் புதிதாக வூஃபர் போட்ட கதை வெளியே வரும்.

ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், எந்த வண்டியானாலும் வேலை ஒன்றுதான். டபுள் கேப்பின் பின் சீட்டுக்கு அடியில் இருக்கிற இடுக்கை அளந்து, எம்.டி.எஃப் பலகையில் பெட்டி அடித்து, தட்டையான 10 அல்லது 12 இஞ்ச் வூஃபரை அதற்குள் இறக்குகிறார்கள். பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு வயர் ஆம்ப்புக்கு ஓடுகிறது. மூலை மடித்துத் துணி ஒட்டியிருப்பதைப் பார்த்தால் வண்டியோடு வந்த பெட்டி என்றே தோன்றும். அந்தக் கைத்திறமை மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்தச் சீட்டில் உட்காருவது யார் என்பதுதான் என் கவலை.

மூன்று நாளில் வராமல் மூன்று மாதத்தில்

சத்தத்துக்குப் பிறகு காது அடைத்த மாதிரி இருந்து, ஒரு நாள் கழிந்தும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் அது அவசரம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அதைவிட அவசரம். அப்படிப்பட்ட நிலையில் ஸ்டீராய்டு மருந்து ஓரளவு கைகொடுக்கலாம். ஆனால் முதல் சில நாட்களில் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொண்டே கொடுப்போம்.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று பஞ்சுக் குச்சியால் குடைகிறார்கள். பிறகு அம்மா சொன்ன கைவைத்தியத்தைச் செய்கிறார்கள். பிறகு ஃபார்மசிக்குப் போகிறார்கள். பிறகு பழகிக்கொள்கிறார்கள். மனைவி "டிவி சத்தத்தைக் குறைங்க" என்று சண்டை போட்ட பிறகு என்னிடம் வருகிறார்கள். அதற்குள் நான் செய்யக்கூடியது மிகக் குறைந்துபோயிருக்கும்.

"வெறும் பேஸ்தான் டாக்டர்"

இதைக் கேட்காத வாரம் இல்லை. கீச்சென்ற சத்தம்தான் காதைக் கெடுக்கும், அடித்தொண்டையில் உறுமுகிற பேஸ் உடம்பை மட்டும்தான் குலுக்கும் என்ற நம்பிக்கை. பாதி உண்மை இது. அதனால்தான் ஆபத்து. ஒரே டெசிபலில் ஒப்பிட்டால் பேஸ் செய்யும் கெடுதல் குறைவுதான். ஆனால் யார் வெறும் பேஸை மட்டும் கேட்கிறார்கள்? தாழ்ந்த ஒலி பாடகரின் குரலை மூடிவிடும். குரல் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவார்கள். குரல் ஏறினால் பேஸ் போதாது, மறுபடி பேஸ் நாப். இப்படியே இரண்டும் ஒன்றை ஒன்று துரத்தி மேலே போகும். போதாததற்கு ஆம்ப்பின் கெயினை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி வைத்தால், ஆம்ப் திணறி உடைந்த ஒலியைத் துப்பும். அந்த உடைசலில் இருப்பதெல்லாம் நீங்கள் பயப்படுகிற அதே உயர்ந்த ஒலிகள்தான்.

தாழ்ந்த ஒலி உள்காதைத் தொடுவதே இல்லை என்பதும் தவறு. 2014இல் மியூனிக் ஆய்வாளர்கள் 21 பேருக்கு 30 ஹெர்ட்ஸ் ஒலியை வெறும் 90 விநாடி கேட்கவைத்துப் பார்த்தார்கள். ஒலி நின்ற பிறகும் அவர்களுடைய உள்காதின் செயல்பாடு சில நிமிடம் தடுமாறிக்கொண்டிருந்தது. அது நிரந்தரக் கேடு என்று அவர்கள் சொல்லவில்லை. காது அந்த ஒலியைச் சும்மா விட்டுவிடவில்லை என்பது மட்டும் தெளிவு.

அடுத்தது, "மறுநாள் சரியாயிடுச்சு டாக்டர்." முழுக்கச் சரியானதாகச் சொல்ல முடியாது தம்பி. 2009இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இது: சத்தத்துக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும், காது நரம்பின் இணைப்புகளில் ஒரு பங்கு திரும்பி வராமலே போனது. மனிதருக்கும் அப்படியே நடக்கிறதா என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. ஆனால் பரிசோதனை அறையில் நன்றாகக் கேட்டுவிட்டு, மாமாக் கடை இரைச்சலில் எதிரே இருக்கும் நண்பன் பேசுவது புரியவில்லை என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது அந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

"சவுண்ட் போட்டியில எல்லாம் இதைவிட அதிகம் வைக்கிறாங்களே" என்றும் ஒரு வாதம். வைக்கிறார்கள்தான். ஒலி அழுத்தப் போட்டிகளில் 170 டெசிபலைத் தாண்டும் வண்டிகள் உண்டு. அந்த வண்டிகளுக்குள் யாரும் உட்காருவதில்லை; கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுதான் இயக்குகிறார்கள்.

போனில் பார்த்த அளவு

போன் செயலியைக் காட்டி "85தான் டாக்டர்" என்பவர்களுக்கு: அந்தச் செயலிகள் பொதுவாக 'ஏ' அளவுகோலில் காட்டுகின்றன. அதில் 40 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கிட்டத்தட்ட 35 டெசிபல் கழித்துத்தான் எண் வரும். உங்கள் கண்ணாடி அதிர, நம்பர் பிளேட் கடகடக்க, திரையில் சாதுவான ஓர் எண் நிற்பதன் ரகசியம் இது. போனின் மைக் இந்த மாதிரி அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதும் இல்லை.

சரி, எண்ணாகவே பேசுவோம். மலேசியாவின் 2019 வேலையிடச் சத்த விதிகளின்படி ஒரு தொழிலாளி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் கேட்கக்கூடாது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 100 டெசிபலுக்கு 15 நிமிடம். 100 டெசிபலில் பாட்டு வைத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து வருகிற தம்பி காலை நெரிசலில் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காதடைப்பான் போடாவிட்டால் சூப்பர்வைசர் திட்டுகிறார். அதே காதைத் திரும்பும் வழியில் வண்டிக்குள் கழற்றி வைக்க முடியுமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: வேலையிடச் சத்தத்தால் செவி போனால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் இழப்பீடு கேட்கலாம். சொந்த ஹைலக்ஸால் போனதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். காது மெஷினோ ஆயிரக்கணக்கில் ரிங்கிட்.

எண்ணெய், தைலம், சொட்டு மருந்து

இங்கேதான் என் பொறுமை போகிறது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். வெங்காயச் சாறு. பஞ்சில் கோடாலித் தைலம். காது மெழுகுவர்த்தி. இந்த இரைச்சல் உள்காதிலிருந்து வருகிறது. வெளிக்காதில் எதை ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. செவிப்பறை கிழிந்திருந்தாலோ, ஊற்றியது நடுக்காதில் போய்ச் சீழ் பிடிக்கும். ஒருவர் சூடு ஆறாத எண்ணெயை விட்டுத் தோல் வெந்து வந்தார். இரைச்சலோடு புண்ணுக்கும் சேர்த்து மருந்து எழுதவேண்டியதாயிற்று.

வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீர்கள். நியோமைசின், ஜென்டாமைசின் வகைச் சொட்டுகள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால், உள்காதைக் கெடுக்கக்கூடியவை. அக்காவுக்குக் கொடுத்த மருந்து அக்காவின் காதுக்கு. தலைவலிக்கு ஆஸ்பிரினை அள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அதிக அளவில் அதுவே காதை இரையவைக்கும். இணையத்தில் வாங்கும் ஜின்கோ மாத்திரையால் இரைச்சல் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பர்ஸ்தான் குறையும்.

நெஞ்சில் குத்தினால்

அபூர்வம்தான், ஆனாலும் தெரிந்திருக்கட்டும். 2004இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில், உரத்த இசைக்குப் பக்கத்தில் இருந்தபோது நுரையீரல் சுருங்கிப்போன சிலரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஓர் இளைஞர் தன் காரில் 1000 வாட் பேஸ் பெட்டி பொருத்தியிருந்தவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலித்தது. உயரமாக, ஒல்லியாக, சிகரெட் பிடிக்கிறவராக இருந்து, திடீரென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால் 999. 'காற்றுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள்.

பரிசோதனை

காது இரைச்சலோடு வந்தால் செய்வது இவ்வளவுதான்: கேட்கும் அளவைப் பார்க்கும் ஆடியோகிராம் ஒன்று, தேவைப்பட்டால் செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோகிராம்; வலி கிடையாது, அரைமணி நேரத்தில் முடியும்.

கெஞ்சித்தான் கேட்கிறேன்

வூஃபரைக் கழற்றி எறியுங்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள், தெரியும். அதனால் குறைத்துக் கேட்கிறேன். முதல் செலவைக் கதவுகளுக்குச் செய்யுங்கள். டீசல் எஞ்சின், டயர் இரைச்சலை அமுக்கத்தான் பாதிப் பேர் வால்யூமை ஏற்றுகிறார்கள். கதவிலும் தரையிலும் அதிர்வு அடக்கும் தகடு ஒட்டினால் குறைந்த சத்தத்திலேயே பாட்டு திருத்தமாகக் கேட்கும். கெயினைத் தெரிந்தவரிடம் கொடுத்து அமையுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணைத்து வையுங்கள். பக்கத்து சீட்காரரிடம் பேசக் கத்தவேண்டியிருந்தால் அளவு தாண்டிவிட்டது. அதற்குச் செயலி தேவையில்லை.

சவுண்ட் கடைத் தம்பிகளே, உங்களிடமும் ஒரு வேண்டுதல். பெட்டியைச் சோதிக்க நாள் முழுக்க வண்டிக்குள் உட்காருகிறவர்கள் நீங்கள்தான். காதடைப்பான் போடுங்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெட்டி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்னால் ஓட்டுகிற உங்களைவிட அதன் மேலேயே உட்காருகிற பிள்ளைதான் அதற்குக் கிட்ட. பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி கேபின் சுவர். சத்தம் அங்கிருந்தும் திரும்பி வரும். மூன்று வயதுக் குழந்தை காது இரைகிறது என்று சொல்லாது. காதைப் பிடித்துக்கொண்டு அழும், தூக்கம் வருகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். பிள்ளை வண்டியில் ஏறினால் வூஃபரை அணைத்துவிடுங்கள். குறைக்க வேண்டாம், அணையுங்கள். தைப்பூசத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். பிள்ளைகளுக்கான காது மூடி கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. வாங்கிப் போடுங்கள், பிடுங்கி எறிந்தால் மறுபடி போட்டுவிடுங்கள்.