முதிய நாயின் மறதிக்குச் சிபிடி எண்ணெய் மருந்தாகுமா?

பின்னிரவு இரண்டு மணி. வீட்டில் எல்லாரும் உறங்கும்போது 14 வயது நாய் மட்டும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. சுவர் மூலையில் போய் நின்றுகொண்டு, திரும்பி வரத் தெரியாமல் குரைக்கிறது. இத்தனை ஆண்டுகள் வளர்ந்த வீடே அதற்குப் புது இடமாகிவிட்டது. அடுக்குமாடி வீடு என்றால் அந்தக் குரைப்பு அண்டைவீட்டாரையும் எழுப்பிவிடும்.

வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால், மனிதர்களுக்கு வரும் முதுமை மறதிநோயைப் போன்ற ஒன்று நாய்களுக்கும் வருகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அதே வகைப் புரதம் முதிய நாய்களின் மூளையிலும் படிவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். பழகிய இடத்தில் திசை தெரியாமல் நிற்பது, வீட்டாரிடம் ஒட்டாமல் போவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது, காரணமில்லாத பதற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். 2001ல் வெளிவந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 11, 12 வயது நாய்களில் 28 விழுக்காட்டிலும், 15, 16 வயது நாய்களில் 68 விழுக்காட்டிலும் இவற்றில் ஏதேனும் ஓர் அறிகுறி தென்பட்டது.

இந்தத் தவிப்பில் இணையத்தில் தேடுவோரின் கண்ணில் முதலில் படுவது சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களில் ஒன்றுதான் சிபிடி. போதை தருவது டிஎச்சி என்ற வேறொரு சேர்மம். சிபிடி போதை தருவதில்லை. மனிதர்களுக்கு வரும் சிலவகைக் கடுமையான வலிப்புக்கு, தூய்மையாக்கப்பட்ட சிபிடி மருந்து ஒன்றை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் அங்கீகரித்தது. மூளைக்கு உதவும் எண்ணெய் என்ற பேச்சு வலுப்பெற அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் நாய்களின் முதுமையை ஆராயும் பெருந்திட்டம் ஒன்று, 47,000க்கும் அதிகமான நாய்களின் விவரங்களை அலசி 2025ல் முடிவுகளை வெளியிட்டது. சுமார் 7 விழுக்காட்டு நாய்களுக்குச் சிபிடி அல்லது அது போன்ற பொருள் கொடுக்கப்பட்டிருந்தது. மறதிநோய் உள்ள நாய்களிலோ அந்த விகிதம் 18 விழுக்காடு. எந்த நோய்க்காரர்களையும்விட இவர்களே அதிகம் நாடியிருக்கிறார்கள். ஆனால், கொடுத்தார்கள் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. குணமானது என்பதை அல்ல.

குணம் பற்றிய சான்றுகள் வேறு நோய்களில்தான் ஓரளவு உள்ளன. 2018ல் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில், மூட்டுவலி உள்ள நாய்களுக்குச் சிபிடி கொடுத்தபோது வலி குறைந்தது. கூடவே, கல்லீரல் தொடர்பான ஒரு நொதியின் அளவு இரத்தத்தில் கூடியது. 2019ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் வலிப்பு நோயுள்ள நாய்களிடம் நடத்திய சிறிய சோதனையில் வலிப்பின் எண்ணிக்கை குறைந்தது. மறதிநோயைப் பொறுத்தவரை, இந்த எண்ணெய் நினைவாற்றலை மீட்கும் என்று உறுதிப்படுத்தும் பெரிய அளவிலான சோதனை இல்லை. விலங்குகளுக்கென எந்தச் சிபிடி பொருளையும் அமெரிக்க நிர்வாகம் அங்கீகரிக்கவும் இல்லை.

“எண்ணெய் கொடுத்த பிறகு ராத்திரி தூங்குகிறது” என்று சொல்வோர் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமல்ல. முதிய நாய்களுக்கு மூட்டுவலி சகஜம். வலி குறைந்தால் நாய் நிம்மதியாக உறங்கும். வீட்டாருக்கு அது மறதி தெளிந்ததுபோல் தெரியலாம். அப்படியானால் அந்த நாய்க்குத் தேவைப்பட்டது வலிக்கான சிகிச்சை. அதற்குக் கால்நடை மருத்துவரிடம் முறையான மருந்துகள் இருக்கின்றன.

அடுத்து, புட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. மனிதர்களுக்கென இணையத்தில் விற்கப்பட்ட 84 சிபிடி பொருள்களை அமெரிக்க ஆய்வாளர்கள் 2017ல் சோதித்தனர். 26ல் மட்டுமே ஒட்டுவில்லையில் குறிப்பிட்ட அளவு சரியாக இருந்தது. 18 பொருள்களில் டிஎச்சி கலந்திருந்தது. டிஎச்சி நாய்களை மனிதர்களைவிட மோசமாகப் பாதிக்கும்: கால் தள்ளாடும், சிறுநீர் தானாகச் சொட்டும், சுயநினைவு மங்கும். ஏற்கெனவே திசை தெரியாமல் தவிக்கும் நாய்க்கு இது வேறு தேவையா?

சிங்கப்பூரில் உள்ளோருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கஞ்சாவும் டிஎச்சியும் இங்கு ‘ஏ’ பிரிவு போதைப்பொருள்கள். வைத்திருந்தால் 10 ஆண்டுவரை சிறை, 20,000 வெள்ளி அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நாட்டுக்குள் கொண்டுவருவதற்கான தண்டனை அதைவிடக் கடுமை, பிரம்படியும் உண்டு. டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத ‘ஹெம்ப்’ வகைச் செடியின் பொருள்களை அமெரிக்கா 2018ல் சட்டபூர்வமாக்கியது. அங்கே கடையில் வாங்கும் புட்டியில் சிறிதளவு டிஎச்சி இருப்பது குற்றமில்லை. இங்கே அப்படியொரு விலக்கு கிடையாது. 2022ல் கஞ்சா மீதான தடையைத் தாய்லாந்து தளர்த்திய பிறகு பேங்காக் கடைகளில் இத்தகைய எண்ணெய்கள் சாதாரணமாகக் கண்ணில் பட்டன. சுற்றுலா போன இடத்தில் “நாய்க்குத்தானே” என்று பையில் போட்டுக்கொள்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயை விட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. முதலில், இது மறதிநோய்தானா என்று பார்க்க வேண்டும். கண்பார்வை, செவித்திறன் குறைந்த நாயும் மூலையில் முட்டி நிற்கும். சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் வீட்டுக்குள் நனைக்கும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

மறதிநோய்தான் என்று உறுதியானால், செலெஜிலின் என்ற மருந்து இருக்கிறது. நாய்களின் இந்த நோய்க்கு அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலேயே அங்கீகரிக்கப்பட்டது. எல்லா நாய்களுக்கும் பலன் தராது. சில மனச்சோர்வு மருந்துகளுடனும் வலிநிவாரணியான டிராமடோலுடனும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து. எனவே, நாய் ஏற்கெனவே உட்கொள்ளும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெயிலும் காணப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த உணவை உண்ட முதிய நாய்கள் கற்றல் சோதனைகளில் மேம்பட்டதாக 2010ல் ஓர் ஆய்வு கூறியது. அதற்காகச் சமையலறை எண்ணெயைக் கரண்டியால் ஊற்றக் கூடாது. வயிற்றுப்போக்கும் கணைய அழற்சியும் வரலாம்.

நடையும் முக்கியம். 2022ல் 15,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வெளிவந்த ஆய்வில், ஓடியாடும் நாய்களைவிட அசையாமல் கிடக்கும் நாய்களுக்கு மறதிநோய் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நோய் வந்ததால் நடை குறைந்ததா, நடை குறைந்ததால் நோய் வந்ததா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. என்றாலும், புளோக்குக்குக் கீழே மாலையில் மெதுவாக நடத்திச் செல்வதால் நட்டமில்லை. வழுக்கும் தரையில் விரிப்பு போடலாம், மேசை நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைக்கலாம், கூடத்தில் சிறு விளக்கை இரவு முழுதும் எரியவிடலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்முன், நாய் இரவில் சுற்றுவதைக் கைப்பேசியில் இரண்டு மூன்று நாள் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. மருந்தகத்தின் வெளிச்சத்தில், புது ஆள்களுக்கு நடுவே, அதே நாய் ஒன்றுமே நடக்காததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.