சிஸ்டர் இழுக்கும் வால்

மதுரை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பைபாஸ் முடிந்து ஐசியூவில் இருந்த அப்பாவின் கையில் கட்டிய பட்டை 118/70 என்றதாம். அதே நேரத்தில் மானிட்டரில் ஓடிய சிவப்பு அலைக்குப் பக்கத்தில் 142/62 என்று இருந்ததாம். "எது நிஜம் என்று சிஸ்டரைக் கேட்டேன். கட்டில் ஓரம் தொங்கிய ஒரு ரப்பர் வாலைப் பிடித்து இழுத்து விட்டார். அலை உச்சிக்குப் போய் நின்று, தொப்பென்று விழுந்தது. 'மேப் நல்லாத்தான் இருக்கு, பயப்படாதீங்க சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என்ன செய்தார் அவர்?"

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி நமக்கு வரும் செய்திகளெல்லாம் ஒரே ரகம். செயற்கை நுண்ணறிவு ஆபத்தை முன்கூட்டியே சொல்லிவிடும், நர்ஸ்கள் திரையைப் பார்த்தால் போதும் என்பார்கள். அந்தத் திரையில் ஓடும் எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து இந்த மதுரைக்காரர்தான்.

நோயாளியின் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று போயிருக்கும். 'ஆர்ட் லைன்' என்பார்கள். அதிலிருந்து சலைன் நிரம்பிய விறைப்பான டியூப் ஒன்று கிளம்பி, டிரான்ஸ்டியூசர் எனும் சின்னப் பெட்டியில் முடிகிறது. பெட்டிக்குள் ஒரு சவ்வு. ஸ்டாண்டில் தொங்கும் சலைன் பையைச் சுற்றி 300 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குக் காற்றடித்த உறை. அந்த அழுத்தத்தில் மணிக்கு சுமார் 3 மி.லி. சலைன் சொட்டிக்கொண்டே இருப்பதால் குழாய் முனையில் ரத்தம் உறைவதில்லை. ஒவ்வொரு துடிப்பும் இந்தத் தண்ணீரைத் தள்ள, தண்ணீர் சவ்வைத் தள்ள, சவ்வின் அசைவு மின்சாரமாகித் திரைக்குப் போகிறது. ஆக, மானிட்டர் அளப்பது ரத்தத்தை அல்ல, டியூபில் நிற்கும் தண்ணீரை. நர்ஸின் கைவேலை முழுக்க இந்தத் தண்ணீரை ஒழுங்காக வைத்துக்கொள்வதில் இருக்கிறது.

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முனையைத் தூணோடு அவர் பிடித்துக்கொள்வார், மறுமுனையோடு சித்தாள் அடுத்த தூணுக்குப் போவார். சிஸ்டர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். அவருடைய ஒரு தூண் ஸ்டாண்டில் இருக்கும் டிரான்ஸ்டியூசர், இன்னொரு தூண் நோயாளியின் இதயம். இதயத்தைப் பார்க்க முடியாது என்பதால், நான்காவது விலா இடைவெளி அக்குளின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தை அதன் மட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பதும் உண்டு. டிரான்ஸ்டியூசர் அந்தக் குறிக்கு 10 செ.மீ. கீழே போய்விட்டால் மானிட்டர் 7 மி.மீ.க்குச் சற்று மேலாகக் கூட்டிச் சொல்லும், மேலே போனால் அதே அளவு குறைத்துச் சொல்லும். 120 என்கிற எண்ணில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இதே முறையில் அளக்கப்படும் மையச் சிரை அழுத்தம் மொத்தமே 2 முதல் 8 மி.மீ. வரைதான். அங்கே ஒரு சாண் பிசகினால் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. எனவே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினால் டிரான்ஸ்டியூசரையும் உயர்த்த வேண்டும், நோயாளி புரண்டால் மறுபடி பார்க்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோயாளி கையைத் தூக்கினாலும் இறக்கினாலும் எண் மாறுவதில்லை. கை உயரும்போது தமனியில் அழுத்தம் குறைகிறது. ஆனால் கைக்கும் பெட்டிக்கும் நடுவே தண்ணீர்த் தூண் அதே அளவு உயர்ந்து அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. கையில் கட்டிய பட்டைக்கு இந்தச் சலுகை இல்லை.

இனி வாலுக்கு வருவோம். அதை இழுத்தால் சொட்டுச்சொட்டாய் வந்த சலைன் தடையில்லாமல் பாய்கிறது. பையின் 300 மி.மீ. அழுத்தம் நேராகச் சவ்வில் இறங்க, அலை ஒரே தாவலில் மேலே போய்த் தட்டையாக நிற்கும். விட்டதும் செங்குத்தாக விழும். சிஸ்டர் பார்ப்பது விழுந்த பிறகு நடப்பதைத்தான். கொத்தனாரின் டியூபைச் சட்டென்று தூக்கி இறக்கினால் உள்ளே தண்ணீர் உடனே அடங்காது, மேலும் கீழும் ஊசலாடும். இங்கேயும் கோடு அடிமட்டத்துக்குக் கீழே போய், துள்ளி மேலே வந்து, பிறகு பழைய அலைக்குத் திரும்பும். ஒன்று அல்லது இரண்டு துள்ளலோடு அடங்கினால் குழாய் நம்பகமானது. நாலைந்து முறை துள்ளினால் மிகைப்படுத்துகிற குழாய். துள்ளலே இல்லாமல் சோம்பேறித்தனமாகச் சரிந்து இறங்கினால் அமுக்கிச் சொல்கிற குழாய். மொத்தச் சோதனைக்கும் சில நொடி போதும், கருவி எதுவும் புதிதாக வாங்க வேண்டாம். எனக்கு இந்த வைத்தியசாலைத் தொழில்நுட்பத்திலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

குழாய் ஏன் துள்ளுகிறது? ஆட்டிவிட்டால் அதற்கென்று ஒரு வேகத்தில் ஆடும் குணம் அதற்கு உண்டு. நாடி நிமிடத்துக்கு 60 முதல் 120 என்றால் நொடிக்கு ஒன்று இரண்டு அலைகள். ஆனால் ஒவ்வொரு அலையின் செங்குத்தான ஏற்றமும், மகாதமனி வால்வு மூடும்போது இறக்கத்தில் விழும் சின்ன வெட்டும் அவ்வளவு மெதுவான அசைவுகளால் ஆனவை அல்ல. நொடிக்கு இருபது முறை வரை ஆடும் நுண்ணலைகள் அவற்றில் கலந்திருக்கின்றன. குழாயின் சொந்த ஆட்டம் அந்த வேகத்துக்குள் வந்துவிட்டால் அந்த நுண்ணலைகளை அது ஊதிப் பெரிதாக்கிவிடும். மேல் எண் எகிறும், கீழ் எண் இறங்கும். டியூப் நீளமாக, ஒல்லியாக, தொளதொளவென்று இருந்தால் சொந்த ஆட்டம் மந்தமாகி இந்த ஆபத்து கூடுகிறது. டியூப் எட்டவில்லை என்று இன்னொரு துண்டை ஒட்டி நீட்டுவதை அனுபவசாலிகள் வெறுப்பதற்குக் காரணம் இதுவே.

குமிழி கொத்தனாருக்கும் எதிரி, சிஸ்டருக்கும் எதிரி. இருவருமே டியூபை விரலால் சுண்டிச் சுண்டி அதை வெளியேற்றுகிறார்கள். ஆனால் கொத்தனாரின் குமிழி மட்டத்தை மட்டும்தான் கெடுக்கும், சிஸ்டருடையது இரண்டு விதமாகப் பொய் சொல்லும். தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆகவே பெரிய குமிழி ஒவ்வொரு தள்ளலையும் தானே வாங்கிக்கொண்டு அலையை மழுங்கடிக்கிறது. மிகச் சிறிய குமிழியோ குழாயின் சொந்த ஆட்டத்தைக் கொஞ்சம் மந்தமாக்கித் துள்ளலைக் கூட்டிவிடலாம், அப்போது எண் உயர்கிறது! தவிர, கொத்தனார் குமிழியை எந்தப் பக்கமும் தள்ளலாம். சிஸ்டர் அதை நோயாளியின் பக்கம் தள்ளவே கூடாது, டியூபில் உள்ள த்ரீ-வே திருகு வரை நகர்த்தி சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும். வாலையும் நெடுநேரம் இழுத்துப் பிடிக்கக் கூடாது. பலமாகப் பாயும் சலைன் தமனியில் எதிர்த்திசையில் ஏறிக் காற்றையோ உறைகட்டியையோ மூளைப் பக்கம் கொண்டுபோகக் கூடும். கட்டட வேலை உவமை இந்த இடத்தில் இடிந்து விழுவதால் அதை இதோடு விட்டுவிடுகிறேன்.

இப்போது மதுரைக் கேள்விக்கு வரலாம். துள்ளலும் மழுங்கலும் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. சராசரி அதிகம் அசைவதில்லை. அந்தச் சராசரியைத்தான் ஐசியூவில் 'மேப்' என்கிறார்கள். கீழ் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள். 118/70க்கு 86. 142/62க்கு 89க்குச் சற்றுக் குறைவு. சண்டையே இல்லை. இதற்கு மேல் ஒரு ரகசியம்: தானாக ஊதும் அந்தப் பட்டை நேரடியாகப் பிடிப்பது சராசரியைத்தான். மேல் எண்ணும் கீழ் எண்ணும் கருவி தயாரித்த நிறுவனத்தின் கணக்குச் சூத்திரம் ஊகித்துத் தருபவை. ஆனாலும் மேல் எண்ணில் வரும் வித்தியாசம் சும்மா ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பைபாஸ் முடிந்தவுடன் மேல் எண் எகிறினால் தையல் கசியுமே என்று அழுத்தத்தைக் குறைக்க நைட்ரோகிளிசரின் ஏற்றுவார்கள். எகிறியது குழாய் மட்டும்தான் என்றால், நன்றாயிருந்த அழுத்தத்தைக் கீழே இறக்கியதாகிவிடும். மழுங்கிய குழாயை நம்பினால் இதற்கு நேர் எதிராக, தேவையில்லாமல் நார்அட்ரினலின் ஏறும்.

வரலாறு வேண்டுவோருக்கு: இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், கட்டிப்போட்ட ஒரு பெண் குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் நீளமான கண்ணாடிக் குழாயை மாட்டினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது என்று 1733இல் வெளியான நூலில் எழுதினார். இன்றைய கணக்கில் சுமார் 195 மி.மீ.; அந்தக் குதிரையின் நிலையில் யாருக்கும் அவ்வளவு ஏறும். அவர் அந்த உயரத்தைத் தரையிலிருந்து அளக்கவில்லை, இடது வென்ட்ரிக்கிளின் மட்டத்திலிருந்து அளந்தார் என்பது ஒன்றுதான் இங்கே பொருட்படுத்தத் தக்கது. 1828இல் பிரான்சின் புவாசே பாதரசத்தைக் கொண்டுவந்து ஏணியின் தேவையை ஒழித்தார்.

இந்த அலையின் இன்னொரு உபயோகம் அலாரம் அடிக்கும்போது தெரியும். ஈசிஜி கோடு நேராகி மானிட்டர் அலறுகிறது, உறவினர் வாசலில் நடுங்குகிறார். சிஸ்டர் கண் முதலில் போவது கீழே ஓடும் சிவப்பு அலைக்கு. அது மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தால் இதயம் துடிக்கிறது, மார்பில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் கழன்றிருக்கிறது. நோயாளி பல் தேய்க்கும்போது ஈசிஜியில் அபாயகரமான வேகத்துடிப்பு போலவே கோடு வரும், அப்போதும் இந்த அலை சாதுவாகத்தான் இருக்கும். சிவப்பு அலையே படுத்துவிட்டால் கை நாடிக்குப் போகிறது. நாடி இருந்தால் மடங்கிய மணிக்கட்டை, மூடிய திருகை, காற்றிறங்கிய உறையைத் தேடுவார்கள். இல்லையென்றால் தேடுவதற்கு நேரம் இல்லை, மார்பை அழுத்தத் தொடங்குவார்கள். இதற்கெல்லாம் அப்பால், பாதம் சூடாக இருக்கிறதா, சிறுநீர் ஒரு மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி.யாவது இறங்குகிறதா என்பவை எந்தத் திரையிலும் வராத அழுத்தமானிகள்.

கடைசியாக அந்தச் செயற்கை நுண்ணறிவு. ஆர்ட் லைன் அலையின் வடிவத்தைப் படித்து, ரத்த அழுத்தம் விழப்போவதைச் சில நிமிடங்கள் முன்பே சொல்லும் மென்பொருள் ஒன்றை 2018இல் ஓர் ஆய்வு அறிமுகப்படுத்தியது. ஆச்சரியமான துல்லியம் என்றார்கள். 2022இல் விமர்சகர்கள் அந்தச் சோதனையைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக்காரர்கள் மேப் 65க்குக் கீழே போனவர்களை ஒரு பக்கமும், 75க்கு மேலேயே இருந்தவர்களை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். நடுவில் 65க்கும் 75க்கும் இடையே தத்தளித்தவர்கள், அதாவது சிஸ்டருக்கு உண்மையில் கவலை தருகிறவர்கள், கணக்கில் சேரவில்லை. தற்போதைய மேப் என்ன என்று பார்ப்பதைவிட மென்பொருள் அதிகமாக என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு இன்னும் தெம்பான பதில் வரவில்லை. அது படிக்கும் அலையும் அதே டியூப் வழியாக, அதே தண்ணீரில், அதே குமிழியைத் தாண்டித்தான் வருகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட கருவிகளைப் பூட்டும்போதும் முதலில் மட்டம் பார், பூஜ்ஜியத்தைச் சரிசெய், வாலை இழுத்துத் துள்ளலை எண்ணு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.