காற்றாலை கடலில், வேலை கரையில்

கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போயிருந்தா, லாரியில் ஒற்றை இறக்கை வர்றதுக்காக ரோட்டில் வண்டிகள் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீங்க. கடலில் நிறுத்தும் காற்றாலை அதைவிடப் பெரிசு. 14 மெகாவாட் இயந்திரத்தின் ஒரு இறக்கை 108 மீட்டர் நீளம். இதை ரோட்டு வளைவில் திருப்பிக் கொண்டுபோவது பெரும்பாடு. அதனால் துறைமுகத்தை ஒட்டியே செய்து, அங்கிருந்தே கப்பலில் ஏற்றுகிறார்கள். கடல் காற்றாலையால் கரைக்கு வேலை வருவது இப்படித்தான்.

இங்கிலாந்தின் ஹல் நகரம் ஒரு காலத்தில் பெரிய மீன்பிடித் துறைமுகம். 1970-களில் அந்தத் தொழில் சரிந்தது. அங்குள்ள அலெக்சாண்ட்ரா டாக்கில் சீமென்ஸும் துறைமுக நிறுவனமும் சேர்ந்து 31 கோடி பவுண்டு முதலீடு செய்தன. இறக்கைத் தொழிற்சாலை 2016 டிசம்பரில் திறக்கப்பட்டது. சுமார் ஆயிரம் பேருக்கு வேலை. இறக்கை செய்வதில் கைவேலை நிறைய. அச்சில் ஃபைபர் கிளாஸ் அடுக்கணும், ரெசின் ஏற்றணும், தேய்க்கணும், பெயின்ட் அடிக்கணும். வேறு தொழிலில் இருந்து வந்து இதைக் கற்றுக்கொண்டவங்க அங்கே பலர்.

நம்ம பக்கம்? 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு, குஜராத் கடலில் தலா 500 மெகாவாட். அதோடு இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. தமிழ்நாட்டில் இதற்குப் பேசப்படுவது தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். காற்றாலை இறக்கைகளை ஏற்றுமதி செய்து பழகிய இடம்தான். ஆனா கடல் காற்றாலைக்கு அதிக பாரம் தாங்கும் பெர்த்தும், பாகங்களைப் பரப்பி வைக்க விரிந்த யார்டும் வேணும்.

கட்டுமான வேலை சில ஆண்டுகளில் முடிஞ்சிடும். பராமரிப்பு அப்படியில்லை, சுமார் 25 ஆண்டு தொடரும். உள்ளூர் இளைஞர்கள் குறிவைக்க வேண்டியது அதைத்தான். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் படிப்பு அடிப்படை. அதற்கு மேல் ஜி.டபிள்யூ.ஓ. பாதுகாப்புப் பயிற்சி: உயரத்தில் வேலை, முதலுதவி, தீத்தடுப்பு, பாரம் தூக்கும் முறை, கடலில் உயிர்காப்பு. பெரும்பாலான பகுதிகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்.

மீனவர்களின் கவலையும் நியாயமானது. ஐரோப்பாவில் கட்டுமானம் நடக்கும்போது காவல் பணிக்கு மீன்பிடிப் படகுகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். அது உதவிதான், மீன்பிடி இடத்துக்கு ஈடு ஆகாது.

இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைப் பண்ணைகூட இயங்கவில்லை. எனவே “கடல் காற்றாலையில் வேலை உறுதி” என்று இப்போதே பணம் கேட்டால் கொடுக்காதீங்க. பயிற்சி மையம் அங்கீகாரம் பெற்றதா என்பதை ஜி.டபிள்யூ.ஓ. இணையதளத்தில் போனிலேயே பார்க்கலாம். பயிற்சி முடித்தவர் விவரம் ‘விண்டா’ பதிவேட்டில் ஏறும். உங்க விண்டா எண்ணில் அந்தப் பதிவு ஏறியிருக்கா என்று பார்த்துக்கோங்க. மற்ற திறன் பயிற்சிகளுக்கு ‘நான் முதல்வன்’ தளத்தைப் பாருங்க.