பொன்னியின் செல்வன்: புதினமும் தழுவல்களும்

பொன்னியின் செல்வன், கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய வரலாற்றுப் புதினமாகும். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் தொடராக வெளிவந்தது. ஐந்து பாகங்கள் கொண்டது. நாகப்பட்டினம் இக்கதையின் முக்கியக் களங்களுள் ஒன்று.

தழுவல்கள்

1958-இல் எம். ஜி. ஆர். இதைத் திரைப்படமாக்க முயன்றார், அது நிறைவேறவில்லை. 1999-இல் மேஜிக் லான்டர்ன் குழு சென்னையில் மேடையேற்றியது. நாடக வடிவத்தை எழுதிய குமரவேல், பின்னர் மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார். அப்படம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. மூன்றரை ஆண்டுத் தொடரை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியிருந்ததால் மணிமேகலை போன்ற பாத்திரங்கள் விடப்பட்டன.

முடிசூட்டு: மூன்று வடிவங்கள்

புதினத்தில், மதுராந்தகனாக வளர்ந்தவன் செம்பியன் மாதேவியின் மகன் அல்லன். உண்மையான மகன் சேந்தன் அமுதன். அருள்மொழிவர்மன் அவனுக்கே முடிசூட்டுகிறான். படத்தில் இந்த ஆள்மாற்றம் இல்லை, மதுராந்தகனே அரசனாகிறான்.

திருவாலங்காட்டுச் செப்பேடு, சிறிய தந்தை அரசாள விரும்பியதால் அருள்மொழி அரியணையை ஏற்கவில்லை என்கிறது. ஆள்மாற்றம் கல்கியின் கற்பனை. எனவே இவ்விடத்தில் புதினத்திலிருந்து விலகிய படம், செப்பேட்டை நெருங்குகிறது. மூலத்திலிருந்து மாறினாலே வரலாற்றிலிருந்தும் மாறியதாகப் பொருளில்லை.

நாகப்பட்டின விகாரம்

நோயுற்ற இளவரசர் நாகை சூடாமணி விகாரத்தில் தங்குவதும், கடல் பொங்கி விகாரத்தைச் சூழ்வதும் புதினத்தின் புகழ்பெற்ற பகுதிகள். ஆனால் கதை நிகழும் காலம் ஏறத்தாழ கி.பி. 970. ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த இவ்விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை முதலாம் இராசராசன் வழங்கியதோ ஏறத்தாழ 1006-இல்தான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றதால் லைடன் செப்பேடுகள் எனப்பட்டன.

இன்று நாகையில் அவ்விகாரம் இல்லை. எஞ்சியிருந்த செங்கல் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் இங்கு கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தச் செப்புத் திருமேனிகளே அதன் சான்றுகள். நேரில் காண ஒன்றும் எஞ்சாத ஊரில், கதை சொல்வதே வரலாறாக நிலைத்துவிட எளிது. ஆகவே மாணவர்கள் படத்தைப் புதினத்தோடு மட்டுமன்றி, இரண்டையும் செப்பேடுகளோடும் ஒப்பிட்டுப் படிப்பது நல்லது.