நம்பியவர், சார்ந்தவர், அடைக்கலம் புகுந்தவர்

மானாவாரி நிலத்துக்காரர் மழையை நம்பி விதைக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்தை நம்பி ஊரில் ஒரு தாயின் குடும்பம் ஓடுகிறது. ‘நீ சொன்னதை நம்புறேன்’ என்கிறார் நண்பர். மூன்றிலும் வினை ஒன்றுதான். ஆனால் முதல் இரண்டும் பிழைப்பைப் பற்றியவை, மூன்றாவது மனத்தைப் பற்றியது. மழை ஏமாற்றும் என்று நன்றாகத் தெரிந்தவரும் மழையை நம்பித்தான் விதைக்கிறார். ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்ற பழமொழி எச்சரிப்பது இந்த முதல் வகை நம்பிக்கையைத்தான். (அது குதிரை அல்ல, மணல் திட்டைக் குறிக்கும் ‘குதிர்’ என்று சொல்வோரும் உண்டு.)

இந்தச் சொல்லின் பழைய பொருள் இன்னும் வியப்பானது. நம்பு என்றால் நசை, அதாவது விருப்பம் என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். இன்று புகலிடத்தைக் குறிக்கும் ‘தஞ்சம்’ என்ற சொல்லுக்கு அதே நூலின் இடையியல் தரும் பொருள் எளிமை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாழ்வதைச் சொல்லும் சொற்கள் காலந்தோறும் இப்படி இடம் பெயர்ந்திருக்கின்றன.

‘சார்’ மட்டும் அவ்வளவாக மாறவில்லை. இலக்கணக்காரர்கள் எழுத்துகளையே முதலெழுத்து, சார்பெழுத்து என்று பிரித்தார்கள். தொல்காப்பியர் கணக்கில் சார்பெழுத்து மூன்று; நன்னூலார் கணக்கில் பத்து. ‘காடு’, ‘பாக்கு’ என்ற சொற்களின் ஈற்றில் குறுகி ஒலிக்கும் உகரம் அந்தச் சார்பெழுத்துகளில் ஒன்று; அது வல்லின மெய் மேல் ஏறியே வரும். இன்னொன்றைச் சார்ந்து வருவதால் அந்த எழுத்துக்கு இழிவு ஏதும் இல்லை. தமிழில் சொற்கள் ஆயிரக்கணக்கில் அதைக் கொண்டுதான் முடிகின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்புகளில் ‘முன்னாள் படைவீரர்கள் மற்றும் அவர்தம் சார்ந்தோர்’ என்று வரும். ஒருவர் உழைப்பில் வாழ்ந்த மனைவி, மக்கள், பெற்றோரை மரியாதை குறையாமல் சுட்டும் நல்ல சொல் அது.

அதே மனிதர்களை ‘அண்டிப் பிழைப்பவர்கள்’ என்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு புரியும். அண்டுதல் என்றால் நெருங்குதல்தான். அண்டை வீடு என்பதில் குறை எதுவும் இல்லை. பிழைப்போடு சேர்ந்தவுடன் சொல் தாழ்ந்துவிடுகிறது. ‘ஒண்டு’ இன்னும் ஒரு படி கீழே. மழைக்கு ஒண்டுவது சில நிமிடம். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் அது ஆயுள் முழுக்க நீண்டது. ‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்’ என்ற பழமொழியில் வந்தவர் மேல் ஊராருக்கு இருக்கும் சந்தேகமும் ஏறிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் தனித்து உயர்ந்து நிற்கும் சொல் அடைக்கலம். மற்றச் சொற்களெல்லாம் நம்பி வந்தவரை அளக்கின்றன. இது ஏற்றுக்கொண்டவரை அளக்கிறது.

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. மதுரைக்குப் புறத்தே கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி, ஆயர் குலத்து மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். அடைக்கலப் பொருளைக் காப்பது எவ்வளவு பெரியது என்று எடுத்துச் சொல்லித்தான் ஒப்படைக்கிறார். அரசன் ஆணையால் கண்ணகியின் கணவன் கோவலன் கொலையுண்ட பிறகு அந்த வாக்கைக் காக்க முடியாமல் போனதென்று மாதரி தீப்புகுந்து இறக்கிறாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். அரசன் செய்த பிழைக்கு மாதரி எந்த வகையிலும் பொறுப்பல்ல. ஆனாலும் ஏற்றுக்கொண்ட சொல் அவளைக் கட்டியது. நம்புதல், சார்தல் எதிலும் இந்தக் கனம் இல்லை.

மக்கள் வழக்கிலும் இந்தச் சொல் ஆழமாக ஊன்றியிருக்கிறது. வீட்டு உத்தரத்தில் கூடு கட்டும் சிட்டுக்கு அடைக்கலங்குருவி என்று இன்னொரு பெயர் உண்டு. 1732இல் சதுரகராதி தந்த வீரமாமுனிவர், அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் எழுப்பிய தேவாலயமும் அடைக்கல மாதா பெயரில்தான் இருக்கிறது. அடைக்கலம் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதும் உண்டு.

‘அகதி’ இதற்கு நேர் எதிர். கதி என்ற வடசொல்லுக்குப் போக்கு, புகலிடம் என்று பொருள். கதி அற்றவர் அகதி. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழர்களைத் தமிழ்நாடு இந்தப் பெயரால்தான் அழைத்தது. இடம் கொடுத்த பிறகும் ‘இடமற்றவர்’ என்றே ஒருவரைப் பல்லாண்டு அழைத்துக்கொண்டிருந்தது சரியல்ல. 2021 ஆகஸ்டில், அகதிகள் முகாம்கள் இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம் அது. முகாமிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். செய்தி எழுதுவோரும் பக்கத்துத் தெருக்காரர்களும் அவர்களைக் குறிக்க அந்தப் பழைய சொல்லை இனிமேலாவது விட்டுவிட வேண்டும்.