பட்டியின் அடியில் ஒரு துணித்துண்டு

எழுபதுகளின் டொயோட்டா செலிக்கா ஒன்றைப் பார்க்க மைத்துனரோடு எம்பிலிப்பிட்டியவுக்குப் போயிருந்தேன். "எல்லாம் கம்பனிச் சாமான். சீட் பெல்ட்டுகூட ஒரிஜினல்" என்றார் விற்க நின்றவர். மைத்துனர் பொனட்டைத் திறந்து என்ஜின் இலக்கத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன் கதவைத் திறந்து, இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் கையை விட்டு, பெல்ட் தரையோடு பூட்டப்படும் முனையை வெளியே இழுத்தேன். லேபல் இருந்த இடத்தில் வெட்டிய நூல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கத்துப் பெல்ட்டில் லேபல் இருந்தது. அதில் இருந்த ஆண்டு 1993. கார் 1977-இல் செய்தது.

அந்தக் கார் வேண்டாம் என்று திரும்பிவிட்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பான் கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இரத்தினபுரிப் பக்கம், ரக்வானை, கொடகவெலத் தோட்டங்களில் பிறந்து உழைத்துச் சேர்த்த பிள்ளைகளும் இப்போது இந்தக் கார்களைத் தேடி வருகிறார்கள். ஒரிஜினல் என்ற ஒரு சொல்லுக்கே பெருந்தொகை கேட்கிறார்கள். அதனால் பெல்ட்டை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

லேபல் பெரும்பாலும் பெல்ட்டின் கீழ் முனையில், தையலோடு சேர்ந்திருக்கும். செய்த கம்பனியின் பெயர் அதில் இருக்கும். ஹொண்டா, மஸ்டா கார்களில் டகாட்டா என்றும், பழைய டட்சன்களில் என்எஸ்கே-வோர்னர் என்றும் காணலாம். ஜப்பான் தர இலக்கமான ஜேஐஎஸ் டி 4604, மாதம், ஆண்டு ஆகியவற்றையும் தேடுங்கள். பெல்ட் செய்த மாதம் கார் செய்த மாதத்துக்குச் சற்று முந்தியதாக இருப்பதே இயல்பு. கார் பிறந்து பல வருடம் கழித்துப் பிறந்த பெல்ட், பின்னால் மாட்டியது. இடதும் வலதும் வருடக்கணக்கில் வேறுபட்டால், ஏதோ ஒரு பக்கம் மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். விபத்துதான் காரணமாக இருக்கலாம்.

வடிவமும் பேசும். 1970 அளவில் வந்த டட்சன் 240இஸட்டின் தோள்பட்டி தானாகச் சுருளாது, நீளத்தைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். அப்படிப்பட்ட காரில் சுருள் பெல்ட் இருந்தால் அது பிற்காலத்துச் சாமான்.

போல்ட்டையும் விடாதீர்கள். ஜப்பான் காரில் மற்றதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பெல்ட் போல்ட் மட்டும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கையில் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை அடித்து ஏற்றினால் பொடியோடு வெல்ட் செய்த நட்டின் புரி நாசமாகும். பார்வைக்கு இறுகியிருக்கும், மோதும்போது பிடுங்கிக்கொண்டு வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெல்ட் ஒரிஜினலாக இருப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு. எம்பிலிப்பிட்டிய வெயிலில் கண்ணாடிக்குள் வருடக்கணக்காகக் காய்ந்த நார் வலு இழந்திருக்கும். நிறம் மங்கி விறைத்த பெல்ட், ஓரம் பிசிறிய பெல்ட், ஒருமுறை மோதலில் இழுபட்ட பெல்ட் மூன்றையும் நம்பி ஏறாதீர்கள். சுருள் பெல்ட்டைச் சட்டென்று இழுங்கள், பிடிக்க வேண்டும். கொக்கியை மாட்டி, ஒவ்வொரு முறையும் க்ளிக் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். டகாட்டா செய்த கொக்கிகளின் சிவப்புப் பொத்தான் பிளாஸ்டிக் வெயிலில் உதிர்ந்து, துணுக்குகள் உள்ளே விழுந்து பூட்டைக் கெடுத்ததால், 1995-இல் அமெரிக்காவில் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவை 1986 முதல் 1991 வரையிலான மொடல்கள், பெரும்பாலும் ஜப்பான் கார்கள். அந்த வயதுக் கார்கள் நம் ரோட்டிலும் ஓடுகின்றன. பெல்மதுளையிலிருந்து நோனாகம வரை போகும் ஏ18 வீதியில் லொறிகளுக்கு நடுவே ஓட்டப்போகிறவர் ஒரிஜினலைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே புள்ளிகளில் பொருந்தும் புதிய, தரமுத்திரையுள்ள பெல்ட்டைப் போடுவதே என் விருப்பம். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கினாலும் லேபலையும் ஆண்டையும் பார்த்தே வாங்குங்கள்.

ஓட்டுநரும் முன் இருக்கைக்காரரும் பெல்ட் அணிவது 2011 ஒக்டோபரிலிருந்து கட்டாயம். அணியாவிட்டால் பொலிஸ் பிடிக்கும். ஆனால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் யாரும் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. பரிசோதகர் நீங்களேதான்.

வாங்கும்போது "முன் பெல்ட் இரண்டும் கார் செய்தபோது பூட்டியவை, மாற்றப்படவில்லை" என்று விற்பனைச் சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வாய்ப்பேச்சைப் பிறகு நிரூபிப்பது கடினம். லேபல், கொக்கியின் பின்புறம், போல்ட் எல்லாவற்றையும் அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். விற்றவர் வியாபாரியாக இருந்து, சொன்னது பொய்யென்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வழி கேட்க 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். சீட்டின் பிரதியும் படங்களும் இணைத்தால் பேச்சு சுருங்கும். விற்றவர் வியாபாரியல்லாத தனிமனிதராக இருந்தால், வழக்குக்கு முன் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கப் பாருங்கள்.

இந்தப் பக்கம் நிர்வாக மொழி சிங்களம் என்பதால் நம்மவர்கள் பலர் முறைப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. அரச அலுவலரோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள், திகதி போடுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் பற்றுச்சீட்டை வாகனப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.